வண்டிப்பாதையிலிருந்து தெரிந்த புகை

வியாபாரச் செய்திகளில் அப்பட்டமான பொய் அபூர்வம். பாலக்காட்டில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் வியாபாரப் பகுதியை நெடுங்காலம் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஏலக்காய் விலை, தேயிலை விலை, புதுக் கம்பெனிகளின் பங்கு, மழை, பாதை, மலைத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் போவதும் வருவதும் என்று எங்களுக்கு வந்த கடிதங்களில், துணிந்து பொய் எழுதியவர்கள் மிகச் சிலர். அவர்களைப் பிடிப்பதும் எளிது. எனக்குச் சிரமம் கொடுத்தவர்கள் உண்மையை எழுதியவர்கள்தான். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாகப் படலாம்.

போடிப் பக்கத்திலிருந்து ஒருவர், மழை பிந்தியதால் காய் சுருங்கிவிட்டது என்று எழுதுவார். மழை பிந்தியது உண்மை. காய் சுருங்கியதும் உண்மை. அவருடைய கிடங்கில் போன வருஷத்துக் காய் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பதும் உண்மை. அதை மட்டும் எழுதமாட்டார். எழுதுகிறவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்டுக்கொண்டால் இந்த வகைச் செய்தியை இரண்டு மாதத்தில் அடையாளம் கண்டுவிடுவீர்கள். அந்தக் கேள்வி போதாமல் போகும் இடங்களும் உண்டு. அப்படி ஓரிடத்தில் எனக்கு நேர்ந்ததைத்தான் எழுதுகிறேன்.

காலத்தைச் சரியாகக் குறித்துவிட வேண்டும். அது என் பழக்கம். கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு இரண்டாவது கார்த்திகை மாதம். தேய்பிறை. தீபாவளி முடிந்து சில வாரம் ஆகியிருந்தது. மலைத் தோட்டங்களுக்குக் கீழ்நாட்டிலிருந்து புது ஆட்கள் ஏறும் பருவம்.

எங்கள் ஆசிரியர் கல்பாத்திக்காரர். பத்திரிகையும் அவருடையதே. ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

“ராவுத்தரே, குமுளிக்கும் பீர்மேட்டுக்கும் நடுவில ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கு பாரும், அதைப் புதுசா ஒரு கம்பெனி வாங்கறதாக்கும். பங்கு விக்கப் போறா. முழுப் பக்கம் விளம்பரம் தராளாம். நீர் போய்ப் பார்த்துட்டு ஒரு நல்ல லேகனம் எழுதிண்டு வாரும்.”

“நல்லா இல்லேன்னா?”

“ஏன் நன்னா இல்லாம இருக்கணும்? நம்ம பேப்பர்லயே வாராவாரம் வரதே, லயம் நிறைய ஆள், காலம்பற தப்புச் சத்தம்னு. நீர்தானே ஓய் திருத்திப் போடறீர்!”

நான்தான். குமுளி நிருபர் அனுப்பியதை வாங்கி வாக்கியத்தைச் சரிசெய்து அச்சுக்குக் கொடுத்தவன் நான். தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கூலியாட்கள் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். விடியுமுன் தப்பு என்ற பறையை அடித்து அவர்களை எழுப்பி, ஓரிடத்தில் நிற்க வைத்து ஆள் பார்த்து வேலைக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பெரட்டு. அந்த மலைப்பாதையில் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகும் வண்டிக்காரர்கள் ஒரு தோட்டத்தின் நிலைமையை இரண்டு அடையாளங்களால்தான் மதிப்பிடுவார்கள். காலையில் பெரட்டுத் தப்பு கேட்கிறதா? மாலையில் லயத்தில் எத்தனை கூரையிலிருந்து புகை எழுகிறது? இதைச் சந்தையில் சொல்வார்கள். குமுளி நிருபர் அதைக் கேட்டு எங்களுக்கு எழுதுவார். தலைமுறையாக நடந்துவந்த முறை, அதுவரை பிசகியதில்லை.

கிளம்புவதற்கு முன் அந்தப் பருவத்தில் நாங்கள் அச்சிட்ட குமுளிச் செய்திகளை எடுத்து வைத்துப் படித்தேன். மற்றத் தோட்டங்களைப் பற்றிய செய்திகளில் மனிதர்கள் இருந்தார்கள். ஒருவன் பாறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டான். ஒரு கங்காணியின் மகளுக்குக் கலியாணம். சந்தையில் கருவாட்டு விலைக்காக ஒரு கூட்டம் சண்டை போட்டது. இந்தத் தோட்டத்தைப் பற்றியும் ஐப்பசி பிறக்கும்வரை அப்படித்தான். அதன்பிறகு புகை இருந்தது, தப்புச் சத்தம் இருந்தது. ஒருவரும் விழவில்லை, சண்டை போடவில்லை, சந்தைக்கு இறங்கி வரவில்லை. அச்சான காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டப்பகல். பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எழுந்து போய் அந்த அறைக் கதவைத் திறந்து வைத்தேன்.

ரயிலும் மோட்டார் பஸ்ஸுமாகக் கம்பம் போய், அங்கிருந்து வண்டியில் மலையேறிக் குமுளி சேர்ந்தேன். எங்கள் நிருபர் காசிம் எனக்கு மச்சான் முறை. திருவிதாங்கூர் சுங்கச் சௌக்கைக்கு அருகில் அரிசி, மளிகைக் கடை. சுற்றியுள்ள தோட்டங்களுக்கு அரிசி போடுகிறவர்; இந்தத் தோட்டம் மட்டும் அதுவரை பீர்மேட்டில் வாங்கியது, இனித் தம்மிடம் வரும் என்று எதிர்பார்த்தார். தோட்டங்களில் ஆள் கூடினால் அவருக்கு வியாபாரம் கூடும். ஆதாயக் கேள்விக்குப் பதில் அதில் இருந்தது. ஆனால் காசிம் பொய் எழுதுகிறவர் அல்ல.

அவருடைய கடைக்கு எதிரே சந்தைக் கொட்டகையில் ஒரு கூட்டம் தங்கியிருந்தது. உத்தமபாளையம் பக்கத்துக் குடும்பங்கள். பாய், பானை, அம்மிக்குழவி, கூடையில் கோழி. வீரணன் என்ற கங்காணி அவர்களை அழைத்துக்கொண்டு மறுநாள் காலையில் அதே தோட்டத்துக்கு ஏறப் போகிறான். கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்று ஒரு காகிதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் பத்திரிகை. நான் திருத்திய வாக்கியம்.

“கேட்டீகளா? லயம் பூராம் புகையாம். பாலக்காட்டுப் பேப்பர்லயே போட்டிருக்கான். நான் சொன்னா கங்காணி கதை விடுறாம்பீக.”

காசிம் சும்மா இராமல், “அதை எழுதுற பெரியவரே இந்தா நிக்கிறாரு” என்று என்னைக் காட்டிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பிள்ளையோடு இருந்த ஒருத்தி எழுந்து வந்தாள்.

“நீங்க எழுதினதுங்களாய்யா? அங்கிட்டுத் தண்ணி எப்படிங்க? புள்ளைக்குச் சேருமா?”

“நான் இன்னும் அந்த இடத்தைப் பார்க்கலம்மா.”

“பாக்காமயா எழுதுனீக?” என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வியாபாரச் செய்தியைப் பங்கு வாங்குகிறவர்களும் மண்டிக்காரர்களும் மட்டுமே படிக்கிறார்கள் என்று அதுவரை எண்ணியிருந்தேன். படிக்கத் தெரியாத ஒருத்தி அதைக் காதால் கேட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறப் புறப்பட்டிருக்கிறாள். அவர்கள் ஏறுவதற்குள் நான் ஏறிப் பார்த்தாக வேண்டும்.

அன்று பிற்பகலே காசிமை இழுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினேன். மழை இல்லை, மஞ்சு என்று அங்கே சொல்லும் மூடுபனி இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. பாதை ஓரிடத்தில் மலையைச் சுற்றி வளைகிறது. அந்த வளைவில் காசிம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“இங்க நின்னுதான் மச்சான் எல்லாரும் பாப்பாக. ஓடைக்கு அந்தப் பக்கம் பாருங்க, லயம்.”

எதிர்ச் சரிவில் புல் வேய்ந்த கூரைகள் ஒரே வரிசையாகத் தெரிந்தன. கடைசிக் கூரை ஒன்றில் மட்டும் புகை இருந்தது. சற்று நேரத்தில் தப்புச் சத்தம் கேட்டது, மாலையில் வேலை விடுவதற்கான அடி. காசிம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “எழுதினது பொய்யா மச்சான்? இனி ஊடு ஊடாப் புகையும் பாருங்க. போலாமா?”

வண்டிக்காரர்கள் எவரும் அந்த வளைவில் நிற்பதில்லை. இருட்டுவதற்குள் குமுளி சேரும் அவசரம் அவர்களுக்கு. ஓடும் வண்டியிலிருந்து ஒரு பார்வை பார்ப்பார்கள். நான் இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். வேலை விட்ட அடிக்குப் பிறகு தேயிலைச் சரிவிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. பேச்சு இல்லை, நாய் குரைக்கவில்லை, பிள்ளை அழவில்லை. பிறகு வரிசையின் இடது கோடியில் முதல் கூரையில் புகை எழுந்தது. கொஞ்சம் பொறுத்து அதற்கு அடுத்த கூரை. பிறகு அடுத்தது. இடையில் ஒரு வீட்டையும் விடாமல், ஒரே இடைவெளியில், இடமிருந்து வலமாகப் புகை நகர்ந்து வந்தது.

குடும்பங்கள் அப்படி அடுப்பு மூட்டுவதில்லை. ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள், ஒருத்தி பக்கத்து வீட்டில் தணல் வாங்குவாள். இது ஒரே கை.

“காசிம், அங்கே ஒரே ஆள்தான் இருக்கான்” என்றேன்.

காசிம் இரண்டடி பின்வாங்கினார். பிறகு, “நான் வண்டிகிட்ட நிக்கிறேன், நீங்க போறதுன்னாப் போங்க மச்சான்” என்றார். அவர் அந்தப் புகையைப் பலமுறை பார்த்திருக்கிறார். நின்று பார்த்தது அன்றுதான்.

ஓடையைத் தாண்டி ஏறினேன். லயத்து வாசலில் முழங்கால் உயரத்துக்குப் புல்; அதில் ஒரே ஓர் ஆள் நடந்த தடம். வீடுகளின் கதவுகள் சாத்தியிருக்கவில்லை. உள்ளே பானைகள் கவிழ்க்காமல் கிடந்தன. ஒரு வீட்டில் உரித்த வெங்காயத் தோல் முறத்திலேயே காய்ந்திருந்தது. நடு வீடு ஒன்றிலிருந்து குனிந்து வெளியே வந்தவன் என்னைக் கண்டதும் கையிலிருந்த கொள்ளியை உயர்த்தினான். காவல்காரன் மாடசாமி. திருநெல்வேலிப் பக்கத்தவன்.

“யாரு? ஆளா?” என்றான்.

“ஆள்தான்.”

கொள்ளியைத் தணித்துக்கொண்டான். “புது ஆளுவ வருவாகன்னு கணக்கப்பிள்ளை சொல்லிட்டுப் போனாரு. நீங்கதானோன்னு பாத்தேன்.”

அவனே எல்லாவற்றையும் சொன்னான், அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் நடந்துகொண்டே. நானும் கூடவே நடந்தேன். ஐப்பசி மழையில் மலைக்காய்ச்சல் வந்தது. “படுத்தவுக எந்திரிக்கல. எந்திரிச்சவுக காட்டு வழியாக் கீழ்நாட்டுக்கு ஓடிட்டாவ. குழி வெட்டுனது நாந்தான்.” மேட்டைக் காட்டினான், மஞ்சில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கணக்கப்பிள்ளை இறங்கிப் போகும்போது இரண்டு வேலை சொல்லியிருக்கிறார். மழைக்காலத்தில் புகை படாவிட்டால் கூரைப் புல் இற்றுப் பூச்சி விழும்; ஆகவே தினமும் எல்லா அடுப்பையும் மூட்ட வேண்டும். யானை இறங்காமலிருக்கக் காலையும் மாலையும் தப்படிக்க வேண்டும். எந்தத் தோட்டத்திலும் காலி லயத்துக்குச் செய்கிற வேலைதான். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை.

ஒவ்வொரு அடுப்பிலும் குனிந்து கொள்ளியை வைக்கும்போது அவன் ஒரு பெயர் சொன்னான். “லச்சுமி, மூட்டியாச்சு.” அடுத்த வீட்டில், “சண்முகம், மூட்டியாச்சு.” யாரோ கேட்கிறார்கள் என்ற பாவனை அவன் முகத்தில் இல்லை. வேலையை முடித்தவன் மேஸ்திரியிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டோடு நின்றுவிட்டான்.

“அது?”

“அதை நான் தொடுததில்ல. நான் வாரதுக்கு முந்தியே எரியும்.”

“யார் மூட்டுறது?”

“நான் கேக்கல. நீங்களும் கேக்காதிய.”

நான் போய்ப் பார்த்தேன். அடுப்பில் தணல் இருந்தது. சாம்பல் புதியது. உத்தரத்தில் கட்டிய சேலைத் தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தூளிக்குள் ஒன்றுமில்லை. அந்தச் சேலை கண்டாங்கி, அதிகம் கட்டாதது. காட்டில் திரியும் யாராவது அங்கே ஒதுங்கி அடுப்பு மூட்டியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டு வாசற்புல்லில் என் காலடி மட்டுமே பதிந்திருந்தது. திரும்பி வந்து, கீழே குமுளியில் குடும்பங்கள் காத்திருப்பதை மாடசாமியிடம் சொன்னேன். முதல்முறையாக அவன் சிரித்தான். “வரட்டும். வந்தா நல்லாருக்கும். இங்க எல்லாரும் எதிர்பாத்துக்கிட்டு இருக்காவ.”

நான் வேகமாக இறங்கினேன்.

குமுளி திரும்பியபோது கொட்டகையில் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். வீரணன் என்னை நெருங்கவிடவில்லை. “களைச்சு வந்திருக்கீக, விடிஞ்சு பேசலாம்” என்று தடுத்துவிட்டான். விடிந்ததும் போனேன். மூட்டைகள் கட்டியாகிவிட்டன.

இந்த இடத்தில் என் மனம் பட்ட பாட்டை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என்றாவது உங்களுக்கும் இது வரும். அந்தக் கடைசி அடுப்பைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், கூட்டம் மொத்தமும் கீழே ஓடிவிடும். உயிர் தப்பும். ஆனால் அந்த அடுப்பை மூட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி அவர்களைக் காப்பாற்றினால், எங்கள் பத்திரிகையைப் படித்துக்காட்டிய வீரணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சொல்லாமல் விட்டு அவர்கள் ஏறிவிட்டால், என் ஒழுங்கால் யாருக்கு என்ன லாபம்? ஒரு முடிவுக்கும் வராமலேயே பேச ஆரம்பித்தேன். கண்டதை மட்டும் சொன்னேன். லயத்தில் குடியில்லை, காவல்காரன் ஒருவன் இருக்கிறான், புகையும் தப்பும் அவன் வேலை, வாசலில் புல் வளர்ந்திருக்கிறது. காய்ச்சலில் பலர் செத்தார்கள் என்று அவன் சொன்னான். குழிகளை நான் பார்க்கவில்லை.

வீரணன் சிரித்தான். “பாத்தீகளா, அவரே சொல்றாரு குழியைப் பாக்கலன்னு. தீவாளிக்கு ஊருக்குப் போனவுக வரலய்யா. அம்புட்டுத்தான். ராவுத்தரய்யா இருட்டுல பேயைக் கண்டு பயந்து வந்திருக்காரு.”

சிலர் சிரித்தார்கள். கைப்பிள்ளைக்காரி சிரிக்கவில்லை.

“சட்டி பானையெல்லாம் எடுத்துட்டுப் போயிருக்காகளா அய்யா?”

“இல்லம்மா. அப்படியே கிடக்கு. ஒரு வீட்டில் தூளிச் சேலைகூட அவிழ்க்காம தொங்குது.”

“என்ன சேலை?”

“கண்டாங்கி. புதுசு மாதிரி.”

“ஊருக்குத் தீவாளிக்குப் போறவ கண்டாங்கிச் சேலையை விட்டுட்டா போவா?” என்று வீரணனைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏ பேச்சி! வாயை மூடு. மூட்டையைத் தூக்கு” என்று அவன் அதட்டினான். அவள் தூக்கவில்லை. மற்றவர்களும் தயங்கினார்கள். வீரணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நானே போய்ப் பாத்துட்டு வாரேன். நாலு ஆளைக் கூட்டியாந்து முன்னாடி நிறுத்துறேன். அதுக்குப் பொறகு இந்தப் பாயி மூஞ்சியை எங்க வச்சுக்கிறாருன்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு தனியாகப் பாதையில் இறங்கி நடந்தான்.

நாங்கள் காத்திருந்தோம். ஆசிரியரிடமிருந்து தந்தி வந்தது: கட்டுரை எங்கே? நான் பதில் கொடுக்கவில்லை. பிற்பகலில் பீர்மேட்டுப் பக்கமிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிய வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் கருப்பையா, காசிமுக்குச் செய்தி சொல்கிறவர்களில் நிதானமானவர், குடிக்காதவர். கொட்டகை முன்னால் மாட்டை நிறுத்தினார்.

“உங்க கங்காணி சொல்லச் சொன்னாருப்பா. லயத்துல எல்லாரும் நல்லாத்தான் இருக்காகளாம். உங்களை ஏறி வரச் சொன்னாரு.”

கொட்டகை முழுவதும் ஒரே சத்தம். மூட்டைகள் தலைக்கு ஏறின. யாரோ என்னைப் பார்த்துச் சீழ்க்கை அடித்தார்கள். காசிம் என் கையைப் பிடித்து, “விட்டுருங்க மச்சான்” என்றார். நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன். நிதானமான சாட்சி, நேரே வந்து சொல்கிறார், ஆதாயம் ஏதுமில்லை. இனி என்ன கேட்பது? ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

“கருப்பையா, எங்கே நின்னு கேட்டீங்க?”

“அந்த வளைவுலதாங்க. எதிர்ச் சரிவுல இருந்து கூப்பிட்டாரு.”

“ஆளைப் பார்த்தீங்களா?”

அவர் யோசித்தார். “மஞ்சு மூடியிருந்துச்சு. குரல்தான். வீரணன் குரல் எனக்குத் தெரியாதாங்க? வெங்கலக் குரலு.”

“வேறே என்ன சொன்னார்?”

“‘பேச்சியைப் புள்ளையோட முதல்ல வரச் சொல்லு, அவளுக்குக் கடைசி வீடு’ன்னாரு.”

தூளி தொங்கியது கடைசி வீட்டில் என்று நான் யாரிடமும் வாய் திறந்திருக்கவில்லை, காசிமிடம்கூட. அப்போதும் திறக்கவில்லை. பேச்சி தலைமூட்டையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். “ஆளைக் காட்டட்டும். அதுக்குப் பொறகு போறோம்” என்றாள். “பொட்டச்சி சொல்லி நாம நிக்கிறதா?” என்றான் ஒருவன். “நிக்காட்டிப் போ. போயி அந்தப் பக்கத்துல இருந்து நீயும் கூப்பிடு” என்றாள். அவனும் உட்கார்ந்துவிட்டான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீரணன் வந்தான். பீர்மேட்டுப் பாதையிலிருந்து வரவில்லை. எதிர்த்திசையில், சௌக்கைப் பக்கமிருந்து, தலையைக் குனிந்துகொண்டு வந்தான். எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டு, மேலே என்ன பார்த்தாய், லயம் எப்படி இருக்கிறது என்று ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

“நான் மேல போகவே இல்லப்பா” என்றான். வளைவு வரை போயிருக்கிறான். நன்றாகப் பொழுது ஏறிய பிறகு, பெரட்டு நேரமெல்லாம் கடந்து, சரிவில் தப்புச் சத்தம் கேட்டிருக்கிறது. அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. திரும்பி வர வெட்கப்பட்டு, காட்டுப் பாதையாகவே தன் சகலனுடைய ஏலக்காய்க் கொட்டகைக்குப் போய்ப் பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்திருக்கிறான். சகலனும் கூடவே வந்திருந்தான், ஆமாம் என்றான்.

கருப்பையா அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளி அவர் கையிலிருந்து நழுவி உருண்டது. பேச்சிதான் முதலில் எழுந்தாள். பிள்ளையை முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்பத்துப் பக்கம் இறங்கும் பாதையில் நடந்தாள். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கடைசியாகப் போனவன் வீரணன்.

பாலக்காடு திரும்பி ஆசிரியரிடம் செய்தியைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். “நீர் கண்டது எவ்வளவு, கேட்டது எவ்வளவு?” என்று கேட்டார். பிரித்துச் சொன்னேன். “அப்படியே பிரிச்சுப் போடும். கம்பெனிக்காரா நாளைக்கு வந்து கத்துவா, கத்தட்டும். எனக்கும் தூக்கம் வரணுமோல்லியோ.” விளம்பரம் போயிற்று. பங்கு விற்பனையைக் கம்பெனி தள்ளிவைத்தது. பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. சில மாதம் கழித்து டாக்டர் ஒருவர் போய்ப் பார்த்ததாகவும், மேட்டில் குழிகள் இருந்ததாகவும் காசிம் எழுதினார். யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது என்று அந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் குறித்திருந்தார்.

நாங்கள் அச்சிட்ட செய்தியில் அந்தக் குரல் இல்லை. பேசியவர் யாரென்று தெரியாத வாக்கியத்தை எந்தப் பெயரின் கீழும் போடக்கூடாது. கேட்டவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. நீங்களும் போடாதீர்கள்.

மாடசாமி கூப்பிட்டிருப்பான் என்றுதான் இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். தனிமையில் இருந்தவன். ஆட்கள் வர வேண்டுமென்று ஆசைப்பட்டவன். கீழே குடும்பங்கள் இருப்பதை நான்தான் அவனிடம் சொன்னேன். கைப்பிள்ளையோடு ஒருத்தி இருப்பதையும் சொல்லியிருக்கலாம். குரல் மஞ்சில் மாறிக் கேட்டிருக்கும். எல்லாம் பொருந்துகிறது, ஒன்றைத் தவிர. நான் அவனோடு லயத்தில் நடந்துகொண்டிருந்த அந்த மாலையில், அவள் பெயர் பேச்சி என்று எனக்கே தெரியாது.